விசிறிகளுக்கு ஒரு டிரில் டீச்சர்

பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் விசில் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் விசில் தொங்குவதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவள் விசிலை ஊதியதே அபூர்வம். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று "லெஃப்ட் டர்ன்" என்றால் அந்தக் கோடியில் கால்கள் திரும்பும். பக்கத்துக் கட்டடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருப்பவரும் தன்னையறியாமல் ஜன்னல் பக்கம் திரும்புவார்.

முழங்கால்தான் அவளைக் கவிழ்த்தது. நீளம் தாண்டுவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டப் போய், மணலில் இறங்கியபோது உள்ளே ஏதோ அறுந்தது. ஆபரேஷன் முடிந்து, நடக்கலாம், ஓடக் கூடாது, நாள் முழுக்க நிற்கவும் கூடாது என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் அறையில் ஒரு நாற்காலி தருகிறோம் என்றார்கள். ஜன்னல் வழியாக வேறு யாரோ தன் பிள்ளைகளை ஓட விடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளால் முடியாது. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் கட்டிலில் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யும்போது போரடிக்காமல் இருக்க நாவல்களைச் சத்தம் போட்டுப் படிப்பாள். ஒரு நாள் அவள் புருஷன் குளித்துக்கொண்டிருந்தவன், தலையை மட்டும் நீட்டி, "ரேடியோ போட்டிருக்கியா?" என்று கேட்டான்.

"நான்தான் படிக்கிறேன்."

"நிறுத்தாத. அந்த ஆளு கடைசியில வீட்டை வித்தானா இல்லையா?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களைவிட மோட்டார்களோடு அதிகம் பேசுகிறவன். அவனே நின்று கதை கேட்கிறான் என்றால் இதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. புத்தகங்களை ஒலி வடிவில் வெளியிடும் ஒரு நிறுவனம் படிப்பதற்கு ஆள் தேடுவதைக் கண்டுபிடித்து, செல்போனில் ஒரு பக்கம் படித்து அனுப்பிவைத்தாள்.

அங்கே எடிட்டராக இருந்த பெண்மணி அவளைக் கூப்பிட்டுப் பேசினாள். "குரல் நல்லா இருக்கு டீச்சர். ஆனா நீங்க கதை படிக்கல, கதையை மைதானத்துல ஓட விடறீங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி படிச்சுப் பாருங்க."

ஒரு பெரிய நாவலின் கடைசி அத்தியாயத்தை அனுப்பி, மைக் வைத்து ஒழுங்காகப் பதிவுசெய்து தரச் சொன்னாள். படகோட்டி ஒருவனின் மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவனிடம் பேசும் அத்தியாயம் அது. முழுக்க முழுக்க ரகசியக் குரலில் பேச்சு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள் விழித்துவிடுவார்கள் என்று இருவரும் அத்தனை மெதுவாகப் பேசிக்கொள்கிறார்கள். நன்றாக வந்தால் நாவல் முழுதும் உங்களுக்குத்தான் என்றாள் எடிட்டர்.

பதிவுசெய்யக் கம்ப்யூட்டர் வேண்டும். அது கொழுந்தன் உபயம். அவன் ஏதோ கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். விளையாடுவதற்காகத் தன் கையாலேயே கட்டிய கம்ப்யூட்டரை, புதிது வாங்கியதும் அண்ணிக்குத் தள்ளிவிட்டிருந்தான். ஆட்டுக்கல் கனம். முன்பக்கம் மூன்று ஃபேன், பின்பக்கம் ஒன்று, உள்ளே இன்னும் ஒன்று. போட்டவுடன் கலர் கலராக விளக்கெரியும்.

கட்டிலை ஒதுக்கிவிட்டு, சுவரில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து படித்தாள். பக்கத்தில் ஒருத்தர் இருப்பதாக நினைத்துக்கொண்டு குரலைத் தணித்தாள். தொண்டைக்கே அது புதிதாக இருந்தது. கத்தியே பழகியவளுக்குள் இப்படி ஒரு குரல் இத்தனை வருஷம் எங்கே உட்கார்ந்திருந்தது என்று ஆச்சரியப்பட்டாள். ஆனால் ஹெட்போன் மாட்டித் திரும்பக் கேட்டபோது, அந்தக் குரலுக்குப் பின்னால் யாரோ மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் ஃபேன்கள்தான்.

எடிட்டரும் அதையேதான் சொன்னாள். "உயிரைக் குடுத்துப் படிச்சிருக்கீங்க டீச்சர். ஆனா அந்த அம்மா சாகப்போற இடத்துல ஃபேன் ஓடுது. மெஷின்ல சத்தத்தை எடுத்துப் பார்த்தேன். எடுத்தா நீங்க தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி ஆகுது. சத்தம் இல்லாம இன்னொரு தடவை குடுங்க. அடுத்த வாரம் முடிவு பண்ணணும்."

கம்ப்யூட்டரை வெளியே நடையில் வைத்துப் பார்த்தாள். ஒயர் எட்டவில்லை; எட்டியபோது கதவைச் சாத்த முடியவில்லை. புருஷன் உள்ளே இருந்த தூசியையெல்லாம் ஊதித் துடைத்துக் கொடுத்தான். கொஞ்சம் குறைந்தது. ரகசியக் குரலுக்கு அந்தக் கொஞ்சம் போதவில்லை.

விலை உயர்ந்த ஃபேன் கன்ட்ரோலர் ஒன்றைப் பற்றி அப்போதுதான் அவள் படித்தாள். உள்ளங்கை அகலப் பெட்டி. ஒவ்வொரு ஃபேனையும் தனித்தனியாக அதில் செருகலாம். எது எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும், எவ்வளவு சூடானால் கூட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்த கொழுந்தனிடம் கேட்டாள். அவன் சிரித்தான்.

"அண்ணி, அது பணம் இருக்கிறவன் வாங்கற பொம்மை. உள்ளே இருக்கிற மதர்போர்டே ஃபேனைக் கன்ட்ரோல் பண்ணும். ஓசியிலயே செட்டிங் மாத்தித் தரேன், விடுங்க."

"விசிறியை மெதுவா சுத்த வைக்க ஒரு பெட்டியா?" என்று புருஷனும் சேர்ந்துகொண்டான். "நாளைக்குப் பெட்டியைப் பார்த்துக்க இன்னொரு பெட்டி வாங்கணும்னு சொல்லுவாங்க."

கொழுந்தன் செட்டிங்கை மாற்றினான். அறை அமைதியாகிவிட்டது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் திரையில் ஒரு பக்கத்தைத் தள்ளினாள். கம்ப்யூட்டர் உஸ்ஸென்று எழும்பி, கொஞ்சம் யோசித்து, மறுபடி அடங்கியது. அடுத்த பக்கம். மறுபடி உஸ்.

"இதுக்கு முன்னாடி இருந்ததே தேவலை தம்பி," என்றாள். "அப்போ மாவுதான் அரைச்சுது. இப்போ பெருமூச்சு விடுது. அந்த அம்மாவுக்கு முன்னாடி இது போயிடும் போலிருக்கு."

வேகத்தை ஒரே அளவில் நிறுத்திப் பார்த்தான். ஒரேயளவில் ஓடினால் வேறு ஒரு சத்தம். ஊம்... என்று வரும், தேயும், மறுபடி வரும். முன்பக்க மூன்று ஃபேனும் ஒரே ஒயரில் தொங்கின; மூன்றுக்கும் ஒரே உத்தரவுதான் போகும் என்றான். தன் வீட்டில் கிடந்த, திருகும் குமிழ் வைத்த மலிவான கன்ட்ரோலர் ஒன்றையும் எடுத்து வந்து மாட்டினான். வேகத்தைக் குறைத்தால் ஃபேன்கள் டிக் டிக் என்று பல்லைக் கடித்தன. இன்னும் குறைத்தால் நின்றே போயின. சாயங்காலம் ஆனபோது கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் கட்டின மெஷின் இவ்வளவு மோசம் இல்ல அண்ணி. உங்க காதுதான் ஓவர்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது. காது ஓவராம். தன் காதை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினாள். அன்றைக்கே அந்த விலை உயர்ந்த பெட்டிக்கு ஆர்டர் போட்டாள். புருஷனிடம் ஒளிக்கவில்லை. "பிடிக்கலைன்னா திருப்பித் தரலாம். ஆனா நான் தர மாட்டேன்னு நினைக்கிறேன்," என்றாள். சொல்லிப் பயனில்லாத இடம் எதுவென்று அவனுக்குத் தெரியும்.

பெட்டி வந்த அன்று காலையில் அவன் லீவு போட்டிருந்தான். கேலி செய்தவன்தான், ஆனால் ஸ்குரூ டிரைவரை வேறு ஒருத்தர் கையில் கொடுக்கவும் அவனுக்கு மனசு வராது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபேன் ஒயரையும் பிரித்து அதனதன் இடத்தில் செருகி, சூடு பார்க்கும் மெல்லிய ஒயரை உள்ளே ஒட்டி, மூடியைச் சாத்தினான். வேகத்தைக் குறைத்தார்கள். டிக் டிக் இல்லை. பக்கம் தள்ளினாள். உஸ் இல்லை.

ஆனால் அந்த ஊம் மட்டும் அப்படியே இருந்தது. வந்தது, தேய்ந்தது, வந்தது.

"அவ்வளவுதான்," என்றான் புருஷன். குரலில் கேலி இல்லை. அவனுக்கே வருத்தமாக இருந்தது. "அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுடாத."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வரும் சத்தத்தையும் தேயும் சத்தத்தையும் விரலால் தொடையில் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது.

"ஏங்க, இது ஃபேன் சத்தம் இல்லை. இது அணிவகுப்பு."

"என்ன வகுப்பு?"

"ரெண்டு வரிசைப் பிள்ளைங்க பக்கத்துல பக்கத்துல நடந்து வருது. ரெண்டும் ஒரே வேகம்னு நாம நினைக்கிறோம். ஒரு வரிசை ஒரு மயிரிழை முந்துது. கொஞ்ச நேரம் ரெண்டு காலும் ஒண்ணா விழுது, சத்தம் பெருசாகுது. அப்புறம் காலு மாறிப்போகுது, சத்தம் கரையுது. மறுபடி ஒண்ணு சேருது. தினம் காலைல கேட்ட சத்தம் எனக்குத் தெரியாதா?"

லிஃப்ட் மெக்கானிக் குனிந்து மூடியில் காதை வைத்தான். "பெரிய கட்டடங்கள்ல ரெண்டு மோட்டார் அக்கம்பக்கம் ஓடினா இப்படித்தான் முனகும்," என்றான் மெல்ல. "நான் வேற எதையோ நினைச்சிட்டிருந்தேன். சரி, மைதானத்துல நீ என்ன பண்ணுவ?"

"சேர்ந்து நடக்க வரலைன்னா ஒரு வரிசையை நிப்பாட்டிடுவேன். இல்லைன்னா வேகத்தை நல்லா மாத்திடுவேன். பக்கத்துப் பக்கத்து வேகம்தான் வம்பு."

எழுந்து திரைக்கு முன் உட்கார்ந்தாள். இப்போது ஒவ்வொருத்தனும் அவள் சொல்லுக்குத் தனித்தனியாகக் கட்டுப்பட்டவன். முன்பக்க மேல் ஃபேனை நிறுத்தினாள். ஊம் போகவில்லை. அதை ஓடவிட்டு நடு ஃபேனை நிறுத்தினாள். யாரோ கதவைச் சாத்தியது போல் ஊம் அறுந்தது. பிறகு கீழ் ஃபேனை மேல் ஃபேனைவிட நன்றாக மெதுவாக்கினாள். மிச்சமிருந்த முணுமுணுப்பும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. அதில் செயின் காய்ந்துபோயிருப்பதுகூடக் கேட்டது.

புருஷன் எழுந்து போய்க் கம்ப்யூட்டர் மீது கையை வைத்துப் பார்த்தான். ஓடுகிறதா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நடு ஃபேன் நின்னா சூடாகாதா?"

"எழுத்தைக் காட்டறதுக்கும் குரலைப் பிடிக்கறதுக்கும் என்ன சூடு? சூடானா எழுந்து ஓடணும்னு சொல்லி வச்சிருக்கேன். ஸ்டாண்ட் அட் ஈஸ்ல நிக்கிறான்."

அன்று மத்தியானம் புருஷன் சமையலறையில் பாத்திரம் உருட்டாமல், ஃபோனை அணைத்துவிட்டு, நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். படகோட்டியின் மனைவி, துடுப்பை மாற்று, அது பழசாகிவிட்டது என்றாள். நான் இல்லாவிட்டாலும் வலதுகைப் பக்கம் சாய்ந்து உட்காராதே என்றாள். வாக்கியங்களுக்கு நடுவே அவள் மூச்சு இழுக்கும் இடங்கள் வந்தன. முதல் முறை பதிந்தபோது அந்த இடங்களிலெல்லாம் மாவு அரைபட்டது. இப்போது அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாத அந்த இடத்தில்தான் அந்த அம்மா செத்துக்கொண்டிருந்தாள் என்பது படிக்கிறவளுக்கே அப்போதுதான் புரிந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தபோது புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "தூசி ஊதினது இன்னும் பறக்குது," என்றான்.

மறுநாள் எடிட்டர் கூப்பிட்டாள். வழக்கமாக வேகமாகப் பேசுகிறவள், தயங்கித் தயங்கிப் பேசினாள். "எந்த ஸ்டூடியோவுக்குப் போனீங்க டீச்சர்?"

"எங்கயும் போகலை. நம்ம வீட்டு ரூம்தான்."

"நடுவுல நீங்க ஒரு இடத்துல நிறுத்தறீங்களே, துடுப்பைப் பத்திச் சொல்லிட்டு. நான் ஃபைல் நின்னுபோச்சுன்னு நினைச்சேன். அவ்வளவு சுத்தம். அப்புறம்தான் அவ பேச ஆரம்பிக்கறா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நாவல் உங்களுக்குத்தான். இது மட்டும் இல்ல. அதே ஆசிரியர் எழுதினது இன்னும் நாலு இருக்கு. அதையும் நீங்கதான் படிக்கறீங்க, சரியா?"

சரி என்றாள். ஃபோனை வைத்த பிறகு கால்வலியை மறந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஓடவில்லை, அவ்வளவுதான். ஆனால் டாக்டர் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்.

செய்தி கேட்டு அடுத்த ஞாயிறு கொழுந்தன் இனிப்போடு வந்தான். ஆனால் தோல்வியைச் சும்மா ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "நடு ஃபேனை நிறுத்தியிருக்கீங்க, அவ்வளவுதானே அண்ணி? அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தா பெட்டியே வேண்டாமே," என்றான்.

"பதிஞ்சதையெல்லாம் சேர்த்து ஃபைலாக்கப் போறேன். உட்கார்ந்து பாரு."

வேலை தொடங்கியது. கம்ப்யூட்டர் உள்ளே சூடு ஏறியது. நின்றிருந்த நடு ஃபேன் தானாக, அவசரமில்லாமல் சுழலத் தொடங்கியது. மற்றவை ஒன்றுக்கொன்று ஒட்டாத வேகத்தில் ஏறின. வேலை முடிந்து சூடு இறங்கியதும் ஒவ்வொன்றாக அடங்கி, நடு ஃபேன் மறுபடி நின்றது. கொழுந்தன் குனிந்து அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தான். அப்புறம் அண்ணியைப் பார்த்தான்.

"எந்தக் கோர்ஸுல அண்ணி படிச்சீங்க இதை?"

"மைதானத்துல."

புருஷன் சத்தமில்லாமல் சிரித்தான். கொழுந்தனும் கடைசியில் சிரித்துவிட்டு, இனிப்புப் பெட்டியைத் திறந்து முதல் துண்டை அவளுக்கே நீட்டினான். "ஒத்துக்கறேன். காது ஓவர் இல்ல. மெஷின்தான் மோசம். அப்போ நானும் ஒண்ணு வாங்கலாமா?"

அவள் இனிப்பை மென்றுகொண்டே யோசித்தாள். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"நீ எதுக்கு? விளையாடும்போது காதுல வெடிகுண்டு சத்தம். ஃபேன் கத்தினா உனக்குக் கேட்கவா போகுது? தூசியைத் தட்டி, ஓசி செட்டிங்கைப் போட்டுக்கோ, அதுவே உனக்கு ஜாஸ்தி. ஒரு ஆள் மூச்சு விடறது கேட்கணும்னா மட்டும் இது வேணும்."

"அப்போ உங்களுக்கு மட்டும்தான் இது லாயக்கு."

"எனக்கு லாயக்கு," என்றாள் அவள். அப்படிச் சொல்லும்போது வந்த பெருமையை அவள் மறைக்கவும் இல்லை.

சாப்பிட்டு முடித்து அண்ணனும் தம்பியும் நாற்காலியில் சாய்ந்தபோது, அவள் நாவலின் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். படகோட்டி அதில் இன்னும் இளைஞன். அவன் மனைவி கரையில் நின்று முதன்முதலாக அவனைத் திட்டுகிறாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, அவள் படிக்கத் தொடங்கினாள்.