எங்கள் ஊரில் வெள்ளை என்றால்

காவல் நிலையத்துக் கொல்லையில் என் குதிரை லெச்சூசா நின்றுகொண்டிருந்தாள். மூன்று நாட்களுக்கு முன் புயலில் வேலி சாய்ந்ததும் ஓடிப்போனவள். மறுநாள் விடியலில் நானூறு மாடுகளை ஆற்றுக்கு அப்பால் ஓட்டிப்போக வேண்டும். குதிரை இல்லாதவளை எவன் மாடு ஓட்டக் கூப்பிடுவான்? அந்த வேலை போனால் குளிர்காலம் முழுவதும் நான் சும்மாதான் உட்கார வேண்டும்.

எனக்கு முன்பே பல் டாக்டர் லான்ஃப்ராங்கோ அங்கே வந்துவிட்டார். போன வருடம்தான் தலைநகர் மான்டிவீடியோவிலிருந்து வந்து இங்கே நிலம் வாங்கியவர். அவருடைய குதிரையும் அதே புயலில் காணாமல் போயிருந்தது. இருவரும் ஒரே பண்ணையில் வாங்கியவர்கள், அதனால் குதிரைகளின் தொடையில் இருக்கும் சூட்டுக்குறியும் ஒன்றே.

அதிகாரி பச்சேகோவும் தலைநகரத்து ஆள்தான். மாத்தே பானத்துக்கான வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குதிரை வாங்கியபோது பண்ணையில் தந்த இரண்டு பேர் சீட்டையும் படித்தார்.

"டாக்டர் சீட்டுல வெள்ளைனு இருக்கு. உங்க சீட்டுல கறுப்புத் தோர்திஷோனு எழுதியிருக்கு, தெல்மிராம்மா. இது பாலு மாதிரி நிக்குது. இதுல கறுப்பு எங்க இருக்கு?"

"பொறந்தப்ப கரி மாதிரி இருந்தா. வருஷா வருஷம் வெளுத்துக்கிட்டே வருவா. தோர்திஷோன்னா அதான்."

"அதான் வெளுத்தாச்சே. இனிமே வெள்ளைன்னுதானே சொல்லணும்?"

"உங்க தலைகூடத்தான் நரைச்சிருக்கு. அதுக்காக வேற ஆளாயிட்டீங்களா?"

டாக்டர் தணிந்த குரலில் சொன்னார்: "என் குதிரை எனக்குத் தெரியாதாம்மா? கண்ணு இருக்கிற யாரைக் கேட்டாலும் இதை வெள்ளைன்னுதான் சொல்லுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. குதிரை நிறத்துக்கு நூறு பெயர் வைத்திருக்கிறோம், பொழுது போகாமலா வைத்தோம்? மயிரை மட்டும் பார்த்துவிட்டு 'வெள்ளை' என்று எங்களில் யாரும் சொல்லமாட்டோம். அடியிலிருக்கும் தோலையும் பார்த்த பிறகுதான் சொல்லுவோம்.

தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டு லெச்சூசாவின் விலாவில் ஊற்றினேன். மயிர் நனைந்து உடம்போடு ஒட்டியதும் பால் நிறம் போய்க் கருமை தெரிந்தது. மயிரை வகிர்ந்து பிடித்துக் காட்டினேன்.

"கிட்ட வந்து பாருங்க டாக்டர். தோலு என்ன நிறம்?"

குனிந்து பார்த்தார். "கறுப்பு."

"மூக்கு?"

"அதுவும் கறுப்புதான்."

"உங்க குதிரைக்கு மூக்கு எப்படி?"

நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை.

"ரோஸ் நிறம். வெயில்ல உரிஞ்சு போகுது. அதுக்கு மருந்துகூட வாங்கி வச்சிருக்கேன்."

"அந்த மருந்தை எடுத்துக்கிட்டுப் பாலத்தடிக்குப் போங்க. நேத்துலேர்ந்து ஒரு வெள்ளைக்குதிரை அங்க புல்லு மேஞ்சுகிட்டிருக்கு."

பச்சேகோ முறைத்தார். "அதைப் பார்த்துட்டா சொல்லாம இருந்தீங்க?"

"நான் என் கறுப்பியைத் தேடிக்கிட்டிருந்தேன். அது வெள்ளை. நம்மளுது இல்லன்னு தாண்டி வந்துட்டேன்."

அவர் பதிவேட்டில் எழுதியிருந்த 'வெள்ளை'யை அடித்தார். ஈரம் காய்வதற்குள், இன்னும் கறுப்பாகவே இருந்த லெச்சூசா மேல் ஏறி வாசலைத் தாண்டி வந்தேன்.