சன்ஷேடுக்குக் கீழே ஒரு சாண்

வைகாசிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதுகெல்லாம் சந்தன நிறப் பொடி. சாய்ந்து நின்றது மண்டபத்தின் வெளிச்சுவரில். பெயிண்ட் அடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

காண்ட்ராக்டர் சுருளிராஜன் மண்டபச் செயலாளர் வைகுண்டராஜிடம் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "முனீஸ்வரி செட்டு பெயிண்டுல தண்ணிய ஊத்தி இழுத்துட்டாளுக."

அந்தப் பேச்சு ஊரில் நிலைத்துவிட்டால் காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் வரைக்கும் முனீஸ்வரியையும் அவளோடு ஏணி ஏறும் ஐந்து பெண்களையும் யாரும் பெயிண்ட் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். திராட்சைப் பந்தலுக்கடியில் நாள் முழுக்க அண்ணாந்து கழுத்து இற்றுப்போன பிழைப்புக்குத் திரும்ப அவள் தயாராக இல்லை.

"ஆள வச்சுச் சோதிங்க. நானும் கூட நிக்கிறேன்" என்றாள் வைகுண்டராஜிடம்.

அவர் சொல்லித் தேனியிலிருந்து எஞ்சினியர் அபிதா வந்தாள். கையில் செல்லோடேப்பும் கறுப்பு அட்டையும். டேப்பைக் காய்ந்த சுவரில் ஒட்டித் தேய்த்து உரித்து அட்டையில் ஒட்டினால் பொடியின் அளவு தெரிந்துவிடும்.

"எம் பேரன் நோட்டுக்கு ஒட்டுறதுதானே இது! இதுக்கா எஞ்சினியரம்மா தேனியிலருந்து வந்தாக?" என்று சிரித்தார் சுருளிராஜன்.

மேற்குச் சுவரில் ஒட்டிய முதல் டேப் மாவில் புரட்டியதுபோல வந்தது.

"பாத்தீகளா? பச்சத் தண்ணி!" என்று வைகுண்டராஜ் பக்கம் திரும்பினார் சுருளிராஜன்.

"இருங்கண்ணே." முனீஸ்வரி ஏணியைத் தூக்கி ஜன்னலோரம் சாத்தினாள். "மேடம், சன்ஷேடுக்குக் கீழ ஒரு சாணுக்கு வெயிலு படாது. சாயங்கால வெயிலும் மலைக்குப் பின்னால போயிரும். அதே சுவரு, அதே நாளு, நாந்தான் ரோலரு புடிச்சேன். அங்கன ஒட்டிப் பாருங்க."

அபிதா ஏறினாள். அந்த டேப்பில் ஒன்றுமே இல்லை.

"தண்ணி கூடியிருந்தா இங்கயும் உதிரணுமே" என்றாள்.

"அந்தச் சாணுல நல்லா அடிச்சிருப்பா" என்றார் சுருளிராஜன். "எங்கயுமே தண்ணி ஊத்தலன்னு சொல்லச் சொல்லுங்க, ஆத்தா வாய் தொறக்கட்டும்!"

முனீஸ்வரி அவர்களைக் கழிப்பறைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். யாரும் எட்டிப் பார்க்காத, வெயில் விழாத சுவர்.

"இங்கன ஊத்துனேன். கடைசி நாளு, பெயிண்டு அடி வத்திப்போச்சு. இன்னும் வேணும்னு அண்ணங்கிட்ட கேட்டேன். இருக்கிறத வச்சு இழுத்துருன்னாரு. இழுத்தது என் தப்புதான். இதையும் ஒட்டுங்க."

லேசாகத் தூசி படிந்த டேப் வந்தது. அபிதா மூன்றையும் அட்டையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்துன இடத்துலயே இவ்வளவுதான். வெயில் பட்ட இடத்துலதான் மாவு. வெளிச்சுவருக்கான பெயிண்ட் இத்தனை சீக்கிரம் இப்படி ஆகாது. வெயில் தாங்காத, விலை குறைஞ்ச உள்சுவர் பெயிண்ட் மாதிரி இருக்கு. பெயிண்ட் பேரு போட்ட வாளி ஏதாச்சும் கிடக்கா?"

"அதான் மேடம் கூத்து! எப்பவும் வாளியாத்தான் வரும். காலி வாளிய ஆளுக்கொண்ணா நாங்க வீட்டுக்குக் கொண்டுபோவோம். இந்த வேலைக்கு மட்டும் அண்ணன் சரக்கு வைக்கிற கிட்டங்கியிலயே கலந்து ட்ரம்முல கொண்டாந்தாரு. ஒரு வாளியக்கூடக் கண்ணுல காட்டல."

வைகுண்டராஜ் சுருளிராஜனைத் திரும்பிப் பார்த்தார்.

"நெறம் ஒண்ணுபோல வரணும்னுதான்..." என்று ஆரம்பித்தார் சுருளிராஜன்.

"புதுப் பெயிண்ட ஒஞ் செலவுல நீயே எறக்கிரு சுருளி. அடிக்கிறது முனீஸ்வரி செட்டுதான்" என்றார் வைகுண்டராஜ்.

"மூடி உடைக்காத வாளியா எறக்கட்டும். எங்க முன்னாடிதான் தொறக்கணும்" என்றாள் முனீஸ்வரி. "மாவு மேல அடிச்சா மறுபடி உரியும். சொரண்டிக் கழுவி பிரைமர் வச்சப்பறந்தான் ரோலரத் தொடுவோம்."

ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தபடி, கூட வந்திருந்த தன் செட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"ஏ பஞ்சம்மா, பட்டி பிளேட எடு. பின்சுவரு நம்ம பண்ணுனது. இன்னைக்கே சொரண்டிருவோம்."