வாயடைத்த இன்ஜின்

டிரைவர் நட்டுவுக்குத் தர வேண்டியது பதினோராயிரத்து அறுநூற்றைம்பது. கிளட்ச் மாற்றியதும் பின் பிரேக் பார்த்ததும் சேர்த்து வந்த கணக்கு அது. நட்டு என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். அவர் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து நட்டு கிடக்கும். குனிந்தால் கொட்டும். கொட்டியதைப் பொறுக்கிக்கொண்டேதான் பாதிப் பேச்சையும் பேசுவார்.

நட்டு ஒருநாளும் பணத்தைக் கேட்டதில்லை. வாய்விட்டுக் கேட்டிருந்தால் டிரைவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும், இவரும் நாலு வார்த்தை சமாதானம் சொல்லியிருப்பார். கேட்காமலே இருந்ததால் முகத்தைப் பார்க்கக் கூசியது. முதலில் அவர் பட்டறைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போனார். பிறகு பட்டறை இருக்கிற தெருவையே விட்டுவிட்டுச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தார்.

பட்டறைச் சுவரோரம் ஏதோ பழைய காரிலிருந்து கழற்றிய பின்சீட் ஒன்று கிடக்கும். மனைவி தவறிய பிறகு டிரைவர் சாயங்காலமெல்லாம் அதில்தான் உட்கார்ந்திருப்பார். "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று கேட்க உலகத்தில் அவருக்கு அந்த ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சில நாட்களில் மத்தியானம் யாராவது சவாரிக்கு ஏறி "எவ்வளவு?" என்று கேட்கும்போதுதான் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறப்பார். குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல வரும்.

சவாரியும் குறைந்துவிட்டது. போனில் கூப்பிட்டால் புதுக் கார் வாசலுக்கு வருகிறது. இந்தக் கிழட்டுக் காரில் யார் ஏறுவார்கள்? மகள் தூரத்தில் இருக்கிறாள், மாதாமாதம் ஏதோ அனுப்புகிறாள். அவளிடம் கைநீட்ட மனசு வரவில்லை. காரை விற்று நட்டுவின் கடனைத் தீர்த்துவிட்டால் தலைநிமிர்ந்து போய் அந்தச் சீட்டில் உட்காரலாம். காரே இல்லாதவனுக்கு மெக்கானிக்கிடம் என்ன வேலை என்ற யோசனை அப்போது அவருக்கு வரவில்லை.

விற்பதில்தான் சிக்கல். இன்ஜின் டிக் டிக் என்று சத்தம் போடும். மேலே வால்வுப் பக்கம் தேய்ந்த தேய்மானம். வருடக்கணக்காக அப்படித்தான். தெருமுனையில் திரும்பும்போதே இரண்டாம் மாடி வரை கேட்கும். மனைவி அதைக் கேட்டுத்தான் அடுப்பில் வெந்நீர் வைப்பாள். அவர் படியேறி வந்து சட்டையைக் கழற்றுவதற்கும் தண்ணீர் சுடுவதற்கும் சரியாக இருக்கும். "உங்க வீட்டுக்காரர் கார்ல வர்றாரா, சுவர்க்கடிகாரத்துல ஏறி வர்றாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேலி பண்ணுவார்கள். "எதுல வந்தா என்னடி, நேரத்துக்கு வர்றாருல்ல" என்பாள் அவள்.

காரைப் பார்க்க வந்த முதல் ஆள் சத்தத்தைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது ஆள் பானெட்டைத் திறந்த கையோடு மூடிவிட்டு "யோசிச்சு சொல்றேன்" என்றார். யோசிக்கப் போவதில்லை என்பது இருவருக்குமே தெரிந்தது. மூன்றாவதாக ஒரு தையல்காரம்மா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை டிரைவர் உதிரிபாகக் கடைக்குப் போய்க் கல்லாக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். கல்லாக்காரர் பின்பக்கம் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் அலமாரிக்குள் விட்டு ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"ஆயிலோட இதை ஊத்துங்க. அவ்வளவுதான். இன்ஜின் பேசாமடந்தை ஆயிடும்."

"பழைய வண்டிங்க. தாங்குமா?"

"பழைய வண்டிக்குத்தான் சார் இது. பாட்டில்லயே போட்டிருக்கு பாருங்க."

"நல்லதுதானா?"

"நல்லதா கெட்டதான்னு என்னைக் கேட்டா? நான் விக்கிறவன். வாங்கிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து சண்டை போடலை."

வண்டியை விற்றவன் ஏன் திரும்பி வந்து சண்டை போடப்போகிறான் என்று டிரைவருக்குத் தோன்றியது. இருந்தும் வாங்கினார்.

கடை வாசலிலேயே பானெட்டைத் திறந்து பாட்டிலைச் சாய்த்தபோது அது தண்ணீர் மாதிரி விழவில்லை. பசை மாதிரி, வர மனமில்லாமல் வந்தது. இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் டிக் டிக் தேய்ந்து தேய்ந்து, பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல ஆகி, நின்றே போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிக்னலில் நின்றார். இன்ஜின் அணைந்துவிட்டது என்று நினைத்துச் சாவிக்குக் கை போய்விட்டது. ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம் தெரிந்ததும்தான் ஓடுகிறது என்று புரிந்தது. கார் நிறுத்தும் இடத்தில் தெருநாய் ஒன்று படுத்திருக்கும். சத்தம் கேட்டதுமே எழுந்து சோம்பல் முறித்து இடம் விடும். இன்று அசையவில்லை. பம்பர் மூக்கருகே வரும்வரை தூங்கிக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்து, யார் இவன் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

டிரைவர் உடனே இறங்கவில்லை. மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. வெந்நீர் வைக்க ஆளில்லை என்பது அவருக்குத் தெரியாததா? ஆனாலும் இத்தனை நாள் அந்த முனை திரும்பும்போது, 'வந்துட்டேன்' என்று யாருக்கோ சொல்லிவிட்டு வருகிற மாதிரி இருந்தது. இன்று யாரிடமும் சொல்லாமல் வந்து நின்றார். படியேறிப் போய்ப் பச்சைத்தண்ணீரிலேயே முகம் கழுவிக்கொண்டார்.

மறுநாள் தையல்காரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்திருப்பார் போல. பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில்.

டிரைவர் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினார். தையல்காரம்மா காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அடேயப்பா, இந்த வயசுல இவ்வளவு அமைதியா? எங்க மாமனாருக்கும் இப்படி ஒரு மருந்து இருந்தா சொல்லுங்கய்யா."

டிரைவர் சிரித்து வைத்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"டிக்கி எவ்வளவு ஆழம்? மூட்டை வைக்கணும்."

இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து காட்டினார். ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் காட்டினார். அம்மா நாடாவைப் பிரித்து அளந்து பார்த்துத் தலையாட்டினார். "சரி, ஒரு சுத்து போய்ட்டு வரலாமா?"

அம்மா முன்சீட்டில் ஏறிக்கொள்ள, டிரைவர் வந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். காதில் ஒன்றும் விழவில்லை. இத்தனை வருடம் ஓடும் வண்டி டிக் டிக் என்று சொல்லும், சொல்லாவிட்டால் அது ஓடவில்லை. கை தன்பாட்டுக்குச் சாவியைத் திருகியது.

கர்ர்ர்ர்ரக்!

ஓடுகிற இன்ஜினில் ஸ்டார்ட்டர் பல் மாட்டி அரைத்த சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தையல்காரம்மா சீட்டிலிருந்து ஒரு சாண் எழும்பிவிட்டார். டிரைவருக்குக் காதுமடல் வரை சூடேறியது.

அம்மா நாடாவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நிதானமாகக் கேட்டார். "எத்தனை வருஷமா ஓட்டுறீங்க இந்த வண்டியை?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது வருஷம் ஓட்டுனவருக்கு வண்டி ஓடுதா இல்லையான்னே தெரியலையே. இந்த அமைதி எப்ப வந்துச்சு?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கர்ரக்குக்குப் பிறகு எந்தப் பொய்யும் எடுபடாது. "நேத்து" என்றார். "ஒரு பாட்டில் ஊத்தினேன்."

"ஊத்துறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

டிரைவர் நாக்கை அண்ணத்தில் தட்டிச் செய்து காட்டினார். டிக், டிக், டிக், டிக். யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி அச்சாக வந்தது. அம்மாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் மெஷினும் இப்படித்தான் அடிச்சுக்கும். அடிக்கிற தினுசு மாறினா ஊசி ஒடியப்போகுதுன்னு அர்த்தம். அது வாயை யாராவது அடைச்சா எனக்குக் கெட்ட கோபம் வரும். சரி, உங்க மெக்கானிக் யாரு? அங்க போங்க. அவர் வாயால கேக்கணும் நான்."

"வேற யாராவது மெக்கானிக்..."

"வேற யாரும் வேண்டாம். இந்த வண்டியைப் பாத்த கைதான் வேணும்."

சுற்றுவழி விட்டு நேர்வழியில் போனார் டிரைவர். தெரு நீண்டுகொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே நட்டுவுக்குத் தெரியாது. பட்டறை திறந்திருந்தது. காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

"யாரோ பெரிய மனுஷன்னு பாத்தேன், நீயா? சத்தமே இல்லாம வந்து நிக்கிற. வழி தெரிஞ்சுதா?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். விஷயத்தைத் தையல்காரம்மாதான் சொன்னார். நட்டு எழுந்து வந்து பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினார். ஆயில் சொட்டாமல் நூலாகத் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு டிரைவரைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கிறது?"

நட்டு குச்சியைத் துடைத்துத் திரும்பச் செருகினார். குனிந்தார், பையிலிருந்து நட்டுகள் கொட்டின. பொறுக்கிக்கொண்டே அம்மாவிடம் பேசினார். "ஜுரக்காரன் வாயில துணியை அடைச்சா ஜுரமா போயிடும்? முனகல்தான் போகும். தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது இந்தப் பசை மேல ஏறவே நேரம் பிடிக்கும், அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் தேயும்."

"அப்ப இந்த பாட்டில் எல்லாமே ஏமாத்தா?"

"எல்லாத்தையும் அப்படிச் சொல்ல மாட்டேன். ரப்பர் காய்ஞ்சு லேசா கசிஞ்சா, அதுக்குன்னு ஒண்ணு இருக்கு, கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். நானே ஊத்தியிருக்கேன். மத்தபடி ஆயில்ல என்னென்ன சேர்க்கணுமோ அதைச் செஞ்சவனே சேர்த்துத்தான் விக்கிறான். சரியான ஆயிலை நேரத்துக்கு மாத்துங்க. பாட்டில் காசை மிச்சம் பிடிச்சா வால்வு வேலைக்கு ஆகும்."

"வால்வு வேலை அவசரமா?"

"இந்தச் சத்தத்தோட இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும். சத்தம் மாறினா கொண்டாங்க."

பழைய ஆயிலை இறக்கினார்கள். கறுப்புக் கயிறு மாதிரி தட்டில் விழுந்து அடங்க வெகுநேரம் ஆனது. புது ஃபில்டர், புது ஆயில். அந்தச் செலவைத் தானே தருவதாகச் சொன்ன தையல்காரம்மா, வண்டி விலையில் பதினைந்தாயிரத்தைக் குறைத்துக் கேட்டார். டிரைவர் பேரம் பேசவில்லை.

நட்டு ஸ்டார்ட் பண்ணினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மெதுவாக, தூரத்திலிருந்து படியேறி வருகிற மாதிரி, டிக். டிக். டிக் டிக் டிக். டிரைவர் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எடுக்க வேண்டும் என்று தெரிந்தது, எடுக்க முடியவில்லை. தையல்காரம்மா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அவர் கையை எடுக்கும்வரை ஹாண்ட்பேக்கில் எதையோ தேடுவது போலக் காத்திருந்தார்.

கார் கிளம்பியது. முனை திரும்பியது. திரும்பிய பிறகும் கேட்டது. மனைவி ஜன்னலில் நின்று இத்தனை வருடமாகக் கேட்டது இதைத்தான் என்று டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அது கிட்டே வந்தது. அவருக்கு எட்டிப் போனது. பிறகு வேறு வண்டிகளின் இரைச்சல்தான்.

பணத்திலிருந்து எண்ணிப் பிரித்து நட்டுவிடம் நீட்டினார்.

"சீட்டு அங்கயேதான் கிடக்கு" என்றார் நட்டு, நோட்டுகளை வாங்கிக்கொண்டே. "நாளைக்கு வருவியா?"

"எதுக்கு? கார்தான் போயிடுச்சே."

"எனக்கு எங்கய்யா கார் இருக்கு? நான் தினம் இங்கதானே கிடக்கேன்."

டிரைவர் போய் உட்கார்ந்தார். ஸ்பிரிங் பழைய இடத்திலேயே குத்தியது. கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுச் சாவியைத் தேடியது, பிறகு மடியில் வந்து கிடந்தது.

நட்டு பணத்தை எண்ணாமல் பையில் போடவில்லை. விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, நியாயமாக எண்ணினார். எண்ணி முடித்ததும் நிமிர்ந்தார்.

"பதினோராயிரத்து அறுநூத்தி அம்பது. சரியா இருக்கு."