பூஸ்ட் மீட்டரை என் பக்கம் திருப்பி வைத்தது

ஒரு வீட்டுக்கு ஒரு பிரஷர்தான். குக்கருக்கும் குழாய்க்கும் அந்த வீட்டு உடம்புகளுக்கும் அதிலிருந்துதான் போகவேண்டும். டர்போ கார் வாங்கியபோது எங்கள் வீட்டுக்காரர் இதை யோசிக்கவில்லை. ஏதாவது மேம்பாலத்தில் அவர் ஆக்சிலேட்டரை மிதித்தால் வீட்டில் பருப்பு வேகாது. குழாயில் தண்ணீர் நூலாக விழும். நான் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

மகள் பூங்கோதைக்கு ஏழாம் மாதம் வரும்வரை பொறுத்துக்கொண்டேன். தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்து வரவேண்டும். வளைகாப்பு முடிந்து மகள் நம் காரில் ஏறிய நொடியிலிருந்து அவளுடைய பிரஷரும் நம் வீட்டுப் பங்குதான். மருமகன் வீடு கோத்தகிரிப் பக்கம் தேயிலைப் பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரு செங்குத்தான ஏற்றம். டர்போ இழுக்காமல் எந்தக் காரும் அதில் ஏறாது. டர்போ இழுத்தால், இருப்பவர்களில் இளைத்தவரிடமிருந்து எடுக்கும். பூங்கோதைக்குப் பிரஷர் கொஞ்சமும் இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

வாடகைக் கார் பேசலாம் என்றார் வீட்டுக்காரர்.

"அந்த டிரைவர் வீட்டுப் பிரஷர் எப்படிப்பட்டதோ? கண்டவங்க வீட்டுதை எம்பட புள்ளைக்கு ஏத்தறதுங்களா?" என்றேன்.

மறுநாளே, டர்போ எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் பூஸ்ட் மீட்டர் வாங்க மேட்டுப்பாளையத்தில் கார் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எண்கள் ஓடும் மீட்டரைக் காட்டினார். எண் ஓட ஓட என் கண்ணும் ஓடிவிடும் என்று திருப்பிக் கொடுத்தேன். அடுத்தது ஏழு நிறத்தில் விளக்கு மாறுவது. "பொண்ணுங்களுக்கு இதுதாங்க்கா புடிக்கும்" என்றார். எனக்கு அது மாரியம்மன் கோயில் சீரியல் லைட்டைப் போலிருந்தது. கடைசியில் ஒரு முள் மட்டும் உள்ளதை எடுத்தேன். வெள்ளை முகம், சிவப்பு முள். பூஜ்யத்துக்கு மேலேயும் காட்டும், கீழேயும் காட்டும். கண்ணாடி திடமாக இருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்த்தேன். மனசு கேட்காமல் இன்னொரு தரமும் தட்டினேன்.

மெக்கானிக் மருதாசலம் பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குக் காற்று போகும் இடத்திலிருந்த சின்ன ரப்பர் குழாயை வெட்டி, டி வடிவ இணைப்பு ஒன்றைச் சொருகினான். அதிலிருந்து மெல்லிய குழாயை உள்ளே இழுத்தான். இணைப்பு கழன்றுவிடுமோ என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததால் எல்லா முனையிலும் கிளிப் போட்டான். பிறகு மீட்டரை ஸ்டியரிங் பக்கத் தூணில் வைத்துப் பார்த்தான்.

"அங்க வேண்டாம். இந்தப் பக்கம். என்னைப் பாத்தாப்புல வையி."

"ஓட்டறது நானா நீயா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஓட்டறது நீங்க. முள்ளைப் பாக்கறது நான்."

அவர் டீ குடிக்கப் போனதும் மருதாசலம் ஸ்குரூவைப் பாதியில் நிறுத்தினான். "அக்கா, மீட்டர் வெச்ச வண்டி, முள்ளைப் பாக்கறவங்ககிட்டருந்துதானுங்க எடுக்கும். தெரியுமுங்கல்ல?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கறேன். நீ முறுக்கு."

அவன் முறுக்கினான்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. சம்பந்தியம்மா புளிசாதத்தில் உப்பைக் குறைத்துவிட்டார். நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன். பூங்கோதை பின் சீட்டில் ஏறினாள். நான் முன்னால் உட்கார்ந்து, கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டு, முள்ளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஏற்றம் தொடங்கியதும் முள் பூஜ்யத்தைத் தாண்டியது. என் கால்விரல்கள் லேசாயின. பிறகு முழங்கால்.

"அம்மா, இங்க திரும்பு. ஒரு மாதிரியா இருக்குது" என்றாள் பூங்கோதை.

திரும்பினால் அவளிடமிருந்து எடுக்கும். திரும்பவில்லை. "வளையலை ஆட்டிட்டே வா கண்ணு. நிறுத்திராத."

வளையல் சத்தம் கேட்டது. அது நிற்கிறதா என்று காதை அங்கே வைத்துக்கொண்டு கண்ணை முள்மேல் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் கியரை மாற்றினார். முள் இன்னும் ஏறியது. என் இடுப்பு சீட்டோடு ஒட்டியது. தோள் இறங்கியது. சீட் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. வளையல் சத்தம் மட்டும் குறையவே இல்லை.

"போதுமா?" என்றார் அவர்.

"மேடு முடிஞ்சுதுங்களா?"

"இல்லை."

"அப்பறம் என்ன கேள்வி? மிதிங்க."

மெயின் ரோட்டுக்கு வந்ததும் காரை ஓரமாக நிறுத்தினார். நான் முழுவதும் தட்டையாகியிருந்தேன். அவருக்குத் துணி மடிக்கத் தெரியாது. பூங்கோதைதான் இறங்கி வந்து, ஓரம் ஓரத்தோடு சேரும்படி என்னை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. முகத்தில் நல்ல ரத்தவோட்டம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்னை உதறி, கொல்லைக் கொடியில் போட்டார்கள். அங்கிருந்து அவள் சாப்பிடுவது நன்றாகத் தெரிந்தது. தயிரை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். சாயங்காலம் மேகம் கூடியபோது கை கழுவிவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அம்மா, மழை வர்றாப்புல இருக்குது. உன்னைய எடுத்து உள்ள போடட்டுமா?"

"மொதல்ல அந்த வடகத்தை எடு" என்றேன். "நான் நனைஞ்சாலும் காஞ்சுக்குவேன்."