புருவத்தால் சொன்னது

ஐனோ லாஹ்டிக்கு வந்த நோயை முதலில் கண்டுபிடித்தவன் டாக்டர் இல்லை, ரூடி ஸுபான்சிச். அதுவும் கண்ணால் பார்த்து அல்ல, காதால் கேட்டு.

சுரங்கத்தின் மின்பட்டறையில் இருவரும் இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர்கள். பேச்சு அங்கே தீராது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு ஹாம் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து மோர்ஸில் மிச்சத்தைப் பேசுவார்கள். நாலு தெரு தள்ளி இருக்கிறவனோடு பேச வானத்தில் எதற்குக் கம்பி கட்ட வேண்டும் என்று ஐனோவின் மனைவி மார்லிஸ் கேட்காத நாள் கிடையாது.

மோர்ஸ் அடிக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு கை உண்டு, குரல் மாதிரி. ஐனோவுடையது சுத்தமான கை. புள்ளி என்றால் புள்ளி, கோடு என்றால் அளந்து வெட்டின கோடு. அந்தக் கை ஒரு செப்டம்பரில் இடற ஆரம்பித்தது. கோடுகள் இழுபட்டன. ஒரு புள்ளி வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தன.

"என்னடா, இன்னிக்கு ஒரேயடியா ஊத்திக்கிட்டியா?" என்று ரூடி அடித்தான்.

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று பதில் வந்தது. ரூடி சிரித்தான். அந்த ராத்திரியை நினைக்கும்போதெல்லாம் தான் சிரித்ததுதான் அவனுக்கு முதலில் ஞாபகம் வரும்.

பனி உருகுவதற்குள் டுலூத் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகும். புத்திக்கு ஒன்றும் ஆகாது, கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் ஆகாது. மருந்து கிடையாது.

கைக்குப் பிறகு நாக்கு போயிற்று. ஊர் ஹாம் ரேடியோ சங்கத்துக்குத் தண்ணீர்த் தொட்டி மேட்டில், பேச்சை வாங்கி ஊர் முழுக்கத் திருப்பி அனுப்புகிற ஒரு ரிப்பீட்டர் உண்டு. காலையில் வண்டியில் போகிறவர்கள், வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் அதன் வழியாக அரட்டை அடிப்பார்கள். ஐனோவின் குழறலைக் கேட்டு சங்கத் தலைவர் கோர்டி ஷெல்டன் ரூடியைத் தன் இரும்புக்கடைக்குக் கூப்பிட்டார்.

"உன் சிநேகிதன்கிட்ட நீதான் சொல்லணும். காலங்காத்தால தண்ணியப் போட்டுட்டு மைக்கைப் பிடிச்சா சங்கத்துக்கு அசிங்கம்ப்பா."

ரூடி விஷயத்தைச் சொன்னான். கோர்டி பெயின்ட் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். பெரிய உடம்புக்காரர். அழுதால் உடம்பு முழுக்க அழும். அன்றிலிருந்து ஐனோவுக்கு எது வேண்டுமென்றாலும் கோர்டிதான் முதல் ஆள். சக்கர நாற்காலி ஏற சாய்தளம் போட்டது சங்கம். ஜூன் மாதம் கண்காட்சித் திடலில் கூடாரம் அடித்து, பைன் மரங்களுக்கு நடுவே ஆன்டெனா கட்டி, இரண்டு நாள் விடாமல் உலகத்தைக் கூப்பிடுவார்களே, அங்கேயும் ஐனோவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

புருவத்தில் ஒட்டுகிற மோர்ஸ் சாவியைச் செய்தது ரூடி. நகத்தகடு அளவுக்கு ஒரு ஸ்விட்ச். இடது புருவத்தை உயர்த்தினால் தொடும், பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி பீப் என்னும். முதல் நாள் ஐனோ அடித்தது: "உன் ஸோல்டரிங் இன்னும் கேவலம்தான்."

மார்லிஸ் மோர்ஸ் கற்றுக்கொள்ளவில்லை. "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த பீப் பீப்பைக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிச்சாச்சு" என்பாள். அவளுக்கும் ஐனோவுக்கும் தனியாக ஒரு பாஷை. கண்ணை ஒரு முறை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. அவளும் ரூடியும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவள் பிடிவாதம் அவனுக்குப் புதிதில்லை.

மூச்சு குறையத் தொடங்கியபோது டாக்டர் ஹால்வர்சன் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்காதவர். கட்டிலருகே குனிந்து, "ஐனோ, சீக்கிரமே தானா மூச்சு விட முடியாமப் போகும். தொண்டையில ஒரு துளை போட்டு மெஷினோட இணைச்சா நீங்க வருஷக்கணக்கா இருக்கலாம். ஆனா இப்படியேதான் இருப்பீங்க. வேண்டாம்னாலும் சரி, வலி தெரியாமப் பாத்துக்குவோம். உங்க முடிவுதான்" என்றார்.

மார்லிஸ் அவன் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தாள். ஐனோ டாக்டரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். ஒரு முறை கண்ணை மூடித் திறந்தான்.

அவள் அவன் நெற்றியில் முத்தம் வைத்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டருக்குக் காபி போடச் சமையலறைக்குப் போனாள். டாக்டரும் பின்னாலேயே போனார். அறையில் ரூடி மட்டும்தான். பெட்டி பீப் என்றது.

"வேண்டாம்."

ரூடி தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்து அருகே போனான்.

"மெஷின் வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்து சொல்ல முடியலை. நீ சொல்."

"நானாடா? நான் எப்படிடா சொல்லுவேன்?"

"நீ சொல்."

ரூடி சமையலறைக்குப் போய்ச் சொன்னான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கெட்ட செய்தி கொண்டுவரும் தபால்காரன் மாதிரி வாசற்படியில் நின்றபடியே சொன்னான். மார்லிஸ் காபி வடிகட்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன உளர்றே? இப்பத்தானே எங்க எல்லார் முன்னாடியும் ஆமாம்னான்?"

"எங்கிட்ட அடிச்சான், மார்லிஸ். இப்பத்தான்."

"நீயே ஒண்ணைக் கேட்டுட்டு நீயே அதுக்கு அர்த்தம் சொல்றியா? வா, அவன்கிட்டயே கேப்போம்."

விறுவிறுவென்று அறைக்குப் போனாள். ஐனோவின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "ஐனோ, என்னைத் தனியா விட்டுட்டுப் போகணும்னு இருக்கா உனக்கு?"

ஐனோ அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இரண்டு முறை கண்ணை மூடித் திறந்தான். இல்லை.

அதுவும் பொய்யில்லை என்று ரூடிக்குத் தெரிந்தது. அவளிடம் அவனால் வேறு எதையும் சொல்ல முடியாது.

"பாத்தியா?" என்றாள் மார்லிஸ். "இனிமே இந்த வீட்ல அந்தப் பேச்சை எடுக்காதே."

வாசலில் காரில் ஏறப்போன டாக்டரை ரூடி மறித்தான். "கண் சிமிட்டறதை நான் படிப்பேன், உங்க பீப் பீப் எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வியாழக்கிழமை வந்து அவரைத் தனியாக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை காலை ஐனோவுக்கு மூச்சு திணறியது. ஆம்புலன்ஸ் வந்தது. வியாழக்கிழமை அவன் தொண்டையில் குழாய் இருந்தது.

மெஷினோடு வீட்டுக்கு வந்தபோது கோர்டி சங்கத்தை அவசரமாகக் கூட்டினார். தீயணைப்பு நிலையத்து மாடியில், கேசரோல் பாத்திரங்களுக்கும் காபி கெட்டிலுக்கும் நடுவே எழுந்து நின்றார். "நம்ம ஊர்ல பனி பெஞ்சா கரண்ட் போகும். கரண்ட் போனா ஐனோவோட மூச்சு போகும். நாம இத்தனை பேர் பாட்டரியும் ஜெனரேட்டரும் வச்சிக்கிட்டு அதைப் பாத்துட்டு இருக்கப் போறோமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் ஜெனரேட்டர் தருவதாகச் சொன்னார், இன்னொருவர் பாட்டரிகள். வயரிங் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ரூடியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் எழுந்து நின்று, அவனுக்கு இது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ரூடி வாயைத் திறந்தான். கோர்டியின் முகம் பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்த அன்றைய முகமாக இருந்தது. "சனிக்கிழமை போட்டுடறேன்" என்றான்.

அவன் சுவரில் துளை போட்டு கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது ஐனோ கண்ணாலேயே அவனைத் தொடர்ந்துகொண்டிருந்தான். ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டிக்குள் போட்ட பிறகு பீப் கேட்டது.

"நேரா போட்டிருக்கே. பாவி."

ரூடிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "எனக்கும் நீ வேணும்டா" என்றான்.

மார்ச்சில் பனிமழை பிடித்தது. பெய்த தண்ணீரெல்லாம் மரத்திலும் கம்பியிலும் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மார்லிஸ் கடைக்குப் போயிருந்தாள். துணைக்கு ரூடி உட்கார்ந்திருந்தான். மத்தியானம் வெளியே கிளைகள் முறியும் சத்தம் துப்பாக்கி சுடுவது போல் கேட்டது. விளக்கு அணைந்தது. மெஷின் ஒரு முறை கூவிவிட்டுப் பாட்டரிக்கு மாறியது. பாட்டரிப் பெட்டியில் பச்சை விளக்கு.

ரூடி ஜெனரேட்டரைக் கிளப்ப எழுந்தான். கொட்டகை சமையலறைக்கு வெளியேதான். பீப்.

"விடு."

நின்றான்.

"பாட்டரி தீரட்டும். யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள். பனி செய்தது என்பார்கள்."

"மூச்சு முட்டும்டா ஐனோ. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"திரும்பி உட்கார்."

ரூடி நாற்காலியில் உட்கார்ந்தான். திரும்பி அல்ல, அவன் முகத்தைப் பார்த்தபடிதான். மெஷின் மூச்சு இழுத்தது, விட்டது. அறை மெல்லக் குளிர ஆரம்பித்தது. கம்பளியை ஐனோவின் மோவாய் வரை இழுத்துவிட்டான். நேரம் போயிற்று. பச்சை விளக்கு மஞ்சளாயிற்று. அப்படியே உட்கார்ந்திருந்துவிட முடியும் என்றுதான் அப்போது அவனுக்குத் தோன்றியது.

மேஜை மேல் இருந்த கைரேடியோ கரகரத்தது. கோர்டியின் குரல். "ரூடி, இருக்கியா? ஐனோ எப்படி இருக்கான்?"

"பாட்டரியில ஓடுது."

"ஜெனரேட்டரைப் போட்டியா?"

ரூடி பொத்தானை அமுக்கவில்லை. ரிப்பீட்டரில் ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் வண்டியிலும் வீட்டிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது அவனுக்குத் தெரிந்தது.

"ரூடி? பாலத்துக்கு இந்தப் பக்கம் மரம் விழுந்து கிடக்கு, எங்களால வர முடியாது. மார்லிஸ் என் வண்டியிலதான் இருக்கா. ரூடி?"

மைக் கை மாறியது. பிறகு, வாழ்நாளில் ஒரு தடவைகூட மைக்கைத் தொடாதவளின் குரல். "இதை அமுக்கிக்கிட்டே பேசணுமா... ரூடி, அவனுக்குக் கேக்குதா? அவன் காதுகிட்ட வை. ஐனோ, பயப்படாதே. நான் வந்துடுவேன். நடந்தாவது வந்துடுவேன். ரூடி, தயவு பண்ணு ரூடி, ஏன் பேச மாட்டேங்கறே?"

ரூடி ஐனோவைப் பார்த்தான். ஐனோவின் கண்ணில் நீர் கட்டி நின்றது. புருவம் உயர்ந்தது. ஒரு நீளக் கோடு. அதோடு நின்றுவிட்டது.

கோட்டில் தொடங்குகிற எழுத்துகள் எத்தனையோ உண்டு. ரூடி காத்திருந்தான். அடுத்தது வரவில்லை. விளக்கு சிவப்பாகி மெஷின் கூவ ஆரம்பித்தது. அவன் எழுந்து ஓடினான். ஜெனரேட்டரைக் கிளப்பும் கயிறு உறைந்து விறைத்திருந்தது. இழுத்து இழுத்து உள்ளங்கை கிழிந்தது. கிளம்பியது. உள்ளே வந்து கைரேடியோவின் பொத்தானை அமுக்கினான். அந்தச் சத்தம் அதில் போக, ஊரெங்கும் ஆட்கள் கத்தியதைக் கோர்டி பிறகு வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்லிஸ் இருட்டும் முன் பனியில் நடந்தே வந்து சேர்ந்தாள். ரூடியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஜூன் கூடாரத்தில் சங்கம் அவனுக்கு ஒரு கேடயம் கொடுத்தது. வாங்கி வண்டியின் சீட்டுக்கு அடியில் தள்ளினான்.

ஐனோ அதற்குப் பிறகு ரூடியிடம் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. புருவம் போய்விட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். போகவில்லை; நெற்றியில் ஈ உட்கார்ந்தால் துள்ளியதை ரூடி பார்த்தான். சனிக்கிழமைதோறும் வந்து, ஸ்விட்சைத் துடைத்து ஒட்டிவிட்டு, பக்கத்தில் உட்காருவான். "திட்டவாவது திட்டுடா" என்று ஒரு நாள் கேட்டான். ஐனோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த குளிர்காலத்தில் புருவம் உண்மையாகவே போயிற்று. அதற்கடுத்த கோடையில் இமைகளும் நின்றன. மார்லிஸ் கேட்பதற்கு ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. நேரத்துக்குச் சொட்டு மருந்து விட்டு அவள்தான் இமைகளை மூடித் திறந்தாள். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் ரூடி ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்றிவிட்டுக் கை கழுவச் சமையலறைக்கு வந்தான். மார்லிஸ் மேஜையருகே விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மிகவும் இளைத்திருந்தாள்.

"ரூடி, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு, டாக்டர் வந்த அன்னிக்கு, நீ வந்து சொன்னியே... நெஜமாவே அவன் அப்படிச் சொன்னானா?"

ரூடி குழாயை மூடினான். துணியால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல, மார்லிஸ்" என்றான். "நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."

அவள் கண்ணை மூடி நெடுமூச்சு விட்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "எனக்குத் தெரியும்."

அறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஐனோவின் காதுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.