இரட்டை வேகம்

முதல் பஸ்ஸைப் பிடித்து உன்னிச்சையிலிருந்து வந்த கேதீஸ்வரி, வாவிக்கரை அலுவலக மாடியில் ஏறும்போது விடிந்தும் விடியாத நேரம். அதற்குள் தக்ஷாயினி வேலையில் இறங்கியிருந்தாள்.

சுனாமியில் ஊறி ஒட்டிப்போன காணி உறுதிப் பத்திரங்கள். கத்தி முனையால் தாள் தாளாகப் பிரித்து, ஸ்கானரில் படமெடுத்து, இன்டர்நெட்டில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். பூஞ்சண வாடை மூக்கைத் துளைக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுக் கண் எரியும். போய்ச் சேர்ந்த தாளுக்குத்தான் கூலி.

சேர்ந்தால்தானே! நான்கு பெண்களின் படங்களும் ஒரே லைனில் நெரிபட்டன. பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. தக்ஷாயினியுடையது மட்டும் எப்படித்தான் போகிறதோ! மின்விசிறிக்குக் கீழே இடம், புது மெஷின், போதாக்குறைக்கு முதலாளியின் சிரிப்பு. கேதீஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

முதலாளி அழகரத்தினம் இன்டர்நெட் கம்பனி ஏஜண்ட் க்ளைவோடு வந்தார்.

“லைன மாத்தப்போறன். இரட்டை வேகம்! கூடுற காச உங்கட கூலியில கழிப்பன். இண்டைக்குச் சும்மா பாவிச்சுப் பாருங்க.”

“ஓம் சேர், மாத்துங்க!” முந்திக்கொண்டு கத்தியவள் கேதீஸ்வரி. இனிப் பார்ப்போம், யார் கெட்டிக்காரி என்று.

பகல் முழுக்க முதலாளியின் அறையில் இன்டர்நெட்டில் கிரிக்கெட் தடங்கலில்லாமல் ஓடியது. வெளியே படங்கள் பழையபடி ஊர்ந்தன. கேதீஸ்வரி கழுத்தை நீட்டிப் பக்கத்துத் திரையைப் பார்த்தாள். அங்கேயும் அதே கதி. தக்ஷாயினி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னகா, உனக்குமா போகல்ல?”

“எனக்கென்ன தனி லைனா? நீங்க வாறத்துக்கு முன்ன அனுப்புறதுதான் போகுது. பிறகு எனக்கும் இதே பாடுதான்.”

பின்னேரம் க்ளைவ் முதலாளியிடம் கையெழுத்து வாங்க வந்தான். தக்ஷாயினி நேரே கேட்டாள்.

“எங்கட படம் ஏன் ஓடல்ல?”

“இறக்குற வேகம்தான் இரட்டை, மிஸ். அனுப்புறது பழையபடிதான்.”

“அப்ப மெட்ச் பாக்கிறவருக்கு இரட்டை வேகம், நமக்குக் கூலி வெட்டு,” என்று சிரித்தாள் காத்தான்குடி றஸீனா. வாயே திறக்காத புஸ்பமும் சிரித்துவிட்டாள்.

அழகரத்தினத்தின் முகம் கறுத்தது.

“தக்ஷாயினிக்கு வெட்டமாட்டன். மத்தாக்கள், விருப்பமில்லாட்டி நாளைக்கு வராதீங்க!”

கேதீஸ்வரி பல்லைக் கடித்தாள். அவள் தலையாட்டப் போகிறாள், பாரேன்.

தக்ஷாயினி எழுந்தாள். “எல்லாருக்கும் ஒரே கூலி எண்டாத்தான் நானும் வேல செய்வன் சேர்.”

இதிலுமா இவள் முந்துவாள்! கதிரை பின்னால் விழ எழுந்தாள் கேதீஸ்வரி.

“பழைய லைனே போதும் சேர்! எங்கட வயல் வட்டையில தண்ணிக்கு முறை வெச்சுப் பாய்ச்சுவம். அதுமாதிரி ஆள் மாறி ஆள் அனுப்புவம். நெரிபடாது. கூலியில கை வெச்சா ஒரு தாளும் போகாது!”

“ஊருல வேற ஆளா இல்ல? போங்கடி!”

“தேடுங்க சேர்,” என்றாள் றஸீனா. “ஒட்டின உறுதியக் கிழிக்காமப் பிரிக்க ஆள் கிடைச்சாச் சொல்லியனுப்புங்க.”

நான்கு ஸ்கானர் மூடிகளும் படார் படாரென்று விழுந்தன. நால்வரும் படியிறங்கினார்கள்.

மேலேயிருந்து குரல் வந்தது. “தக்ஷாயினி, நீ மட்டும் நில்லு புள்ள!”

திரும்பிவிடுவாளோ? கேதீஸ்வரி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

அந்தக் கை, இவள் பிடித்ததைவிட இறுக்கமாக இவளைப் பிடித்தது.