முனியாண்டிக்கு வந்த வாள்

அம்மன் மூக்குத்தி காணாமல் போனதும் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருடைய கண்ணும் விஜயலெட்சுமி மேல்தான் விழுந்தது. கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவள் அவள்தானே! பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் காதுபடவே பேசினார்கள். காசா பணமா, வாய்க்கு வந்ததைப் பேசினார்கள்.

"முனியாண்டி கத்தி மேல ஏறிச் சத்தியம் பண்றேன்," என்றாள்.

அந்தத் தோட்டத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. இரண்டு பேர் கத்தியைக் கூர் மேலாகப் பிடிப்பார்கள். ஏறி நிற்கிறவர் பொய் சொன்னால் காலை வெட்டும், மெய் சொன்னால் விட்டுவிடும். ஒருவருக்கு ஆயுளில் ஒரு சத்தியம்தான்.

கோயிலில் இருந்த முனியாண்டி அரிவாள் துருவேறிக் கிடந்தது. பண்டாரவளையில் ஹோட்டல் வேலை பார்க்கும் அவள் மகன் ஜெயரூபன் காணிக்கையாக ஒரு வாளைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆயிரம் வருசத்துக்கு முந்திய வெள்ளைக்கார ராசாக்களின் வாளைப் பார்த்துச் செய்த அலங்கார வாள், சுவரில் மாட்டுவது. பித்தளைப் பிடியும் குறுக்குச் சட்டமுமாகப் பளபளத்தது. பூசாரி ரெங்கசாமி பொட்டு வைத்து மாலை போட்டார். சாமி கத்தியின் கூரைத் தடவிப் பார்ப்பது சாமியையே சந்தேகப்படுவது என்று யாரும் தொடவில்லை. பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று விஜயலெட்சுமிக்கு நெஞ்சு நிறைந்தது.

சனங்களுக்கு முன்னால் வாள்மேல் ஏறினாள். "நான் எடுக்கல, சாமி!"

காலில் ஒரு கீறல் இல்லை. பெண்கள் குலவையிட்டார்கள்.

சத்தியம் முடிந்ததும் அதே கத்தியால் எலுமிச்சம்பழம் வெட்டுவது வழக்கம். ரெங்கசாமி வெட்டினார். பழம் நசுங்கி உருண்டதே தவிர வெட்டுப்படவில்லை. ஓங்கி இன்னொரு தரம் போட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பழத்தையே வெட்டாதது காலையா வெட்டும்? ஆத்தாளும் மகனும் கெட்டிக்காரங்கதான்!" என்றான் ஒருவன்.

"பழைய அருவாளக் கொண்டாங்க, பூசாரி. அதுலயும் ஏறுறேன்," என்று விஜயலெட்சுமி கெஞ்சினாள்.

"ஒருத்தருக்கு ஒரு சத்தியம்தான்மா. ஒன்னோடது முடிஞ்சிருச்சி."

லயத்து வீட்டுக்கு வந்ததும் மகனைக் கேட்டாள். "கூரில்லன்னு ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரிஞ்சுதாம்மா வாங்கினேன். ஒங் கால வெட்டிறக் கூடாதுல்ல."

"பொய் சொன்னாத்தானடா வெட்டும்?"

ஜெயரூபன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தான்.

"நீ எடுத்திருந்தாலும் பரவாயில்லம்மா. நீ என் அம்மா."

எவ்வளவு பாசமாகச் சொன்னான், பாவி! தோட்டமே திருடி என்றபோது வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.